கேஸ் ஷீட்டை எழுதிக் கேளுங்கள்



1996 ஆகஸ்ட் மாதம். சென்னை எழும்பூர் அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனை. 29-ஆவது வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்துவிட்டது. எடை ஒன்றேகால் கிலோ. இன்குபேட்டரில் வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, உயிரை மீட்டு, சில வாரங்களில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்காக அந்த மருத்துவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் ஒரு வேலை விட்டுப்போயிற்று. குறைமாதத்தில் பிறந்து ஆக்சிஜனில் இருந்த குழந்தைக்கு விழித்திரை கெடக்கூடும். பிறந்த மூன்று, நான்கு வாரத்துக்குள் கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும். யாரும் பார்க்கவில்லை, பாருங்கள் என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. குழந்தைக்குக் கண் போயிற்று.

தகப்பனார் வழக்குப் போட்டார். தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. அவர் அதோடு நிற்கவில்லை, உச்ச நீதிமன்றம் போனார். 2015 ஜூலையில் தீர்ப்பு. இனி ஆகப்போகும் சிகிச்சைக்கு 1 கோடியே 38 லட்சம். அதுவரை ஆன செலவுக்கு ஏறக்குறைய 43 லட்சம். பெரும்பங்கு தமிழக அரசின் தலையில். அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு வயது 18. ஒரு பிள்ளைப் பருவம் முழுக்க அந்தத் தகப்பன் கோர்ட்டு வாசலில் நின்றிருக்கிறார்!

அந்த வழக்கில் நீதிபதிகள் கையில் எடுத்துப் பார்த்த காகிதம் எது தெரியுமா? டிஸ்சார்ஜ் சம்மரி. கண்ணுக்கு ஆபத்து வரலாம் என்று அதில் ஒரு வரி எச்சரிக்கை இல்லை. அந்த ஒரு வரி இல்லாததுதான் சாட்சி. நம் வீடுகளில் அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது? மருந்துச்சீட்டோடு மடித்து, பீரோ மேல் போட்டு, அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது குப்பையோடு போய்விடுகிறது.

ஒன்றை முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். சிகிச்சை பலிக்கவில்லை என்பதற்காக மட்டும் எந்த மருத்துவரும் குற்றவாளி ஆக மாட்டார். அதே படிப்பு, அதே அனுபவம் உள்ள இன்னொரு மருத்துவர் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார்? அதை இவர் செய்தாரா? சட்டம் கேட்பது இந்த ஒரு கேள்விதான். அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வது கேஸ் ஷீட். எத்தனை மணிக்கு யார் வந்து பார்த்தார், எந்த ஊசி போட்டார்கள், பிரஷர் எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கிறது.

அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே எழுதியிருக்கிறது. வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கேளுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள், வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சாவு நடந்த வீட்டில் இதைச் சொல்வது கொடுமைதான்; ஆனாலும் சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். எரித்த பிறகு எந்த ஆணையத்தாலும் அந்த உடம்பைக் கேள்வி கேட்க முடியாது.

எங்கே போவது? மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று நம் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு காலத்தில் சொன்னது. 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கிற இடம் மட்டும் விலக்கு. அங்கே நடந்த தவறுக்கு உயர் நீதிமன்றமும் சிவில் கோர்ட்டும் இருக்கின்றன. மற்றபடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே மனுப் போடலாம். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் ஒரு பைசா இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீலுக்குக் காசு இல்லையா? சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் உண்டு. தாய்மார்கள் இதைப் பக்கத்து வீட்டுக்கும் சொல்ல வேண்டும்.

மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பது வாய்தா மேல் வாய்தா. இதை மறைத்து உங்களை அனுப்ப எனக்கு மனசு வராது.

போலீசுக்குப் போகலாமே என்பார்கள். போகலாம். ஆனால் மருத்துவரைச் சிறைக்கு அனுப்ப அப்பட்டமான, மிகக் கடுமையான கவனக்குறைவு இருக்க வேண்டும். வழக்கை நடத்துமுன் தனியாக ஒரு மருத்துவரின், கூடுமானவரை அரசு மருத்துவரின், கருத்தைப் போலீஸ் வாங்க வேண்டும் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு வைத்துவிட்டது. இழப்பீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. கத்தியைத் தூக்கினாலோ எதுவும் மிஞ்சாது. 2024 நவம்பரில் சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவரை நோயாளியான ஒரு தாயின் மகன் குத்தினார். அந்தத் தாயின் வலியைப் பற்றி அதற்குப் பிறகு யார் பேசினார்கள்?

இந்த வழக்குகளில் ஏழை தோற்கிற இடம் ஒன்று இருக்கிறது: நிபுணர் கருத்து. சிக்கலான சிகிச்சை என்றால், ‘இங்கே தவறு நடந்தது’ என்று இன்னொரு மருத்துவர் எழுதித் தர வேண்டியிருக்கிறது. சக மருத்துவருக்கு எதிராக எழுத யாருக்கும் கை வருவதில்லை. இந்த அரங்கில் ஓய்வு பெற்ற அரசு மருத்துவர்கள் இருக்கிறீர்கள். பொய்யாக ஒரு வரியும் உங்களிடம் கேட்கவில்லை. கேஸ் ஷீட்டைப் படியுங்கள். தவறு இல்லை என்றால் இல்லை என்று அந்தக் குடும்பத்திடம் சொல்லுங்கள். பாதிப் பேர் அந்தப் பதில் கிடைக்காமல்தான் வழக்குக்கே போகிறார்கள் என்பது என் எண்ணம். தவறு இருந்தால், கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கூட்டம் முடிந்ததும் நம் வாசகர் வட்டத்தின் செயலாளர் வாசலில் ஒரு நோட்டோடு நிற்பார். முன்வருகிறவர்கள் பெயரையும் துறையையும் எழுதிவிட்டுப் போங்கள்.