பொதுச் சைக்கிளும் பொதுக் கணக்கும்

வாடகைச் சைக்கிள் கடை இல்லாத ஊரை ஒரு காலத்தில் நம் நாட்டில் காண்பது அரிது. கடைக்காரர் ஒரு நீண்ட நோட்டுப் புத்தகம் வைத்திருப்பார். வண்டியின் எண்ணையும், எடுத்தவர் பெயரையும், எடுத்த நேரத்தையும் அதில் குறித்துக்கொள்வார். வண்டி திரும்பியதும் மணிக்கணக்குப் பார்த்துக் காசு வாங்குவார். அந்தப் புத்தகத்தைக் காட்டும்படி ஊரார் அவரைக் கேட்டதில்லை. கேட்பதற்கு நியாயமும் இல்லை. கடை அவருடையது, வண்டி அவருடையது, லாப நஷ்டமும் அவருடையதே.

இன்று நகரங்களில் ஏற்பட்டுள்ள பொதுச் சைக்கிள் திட்டங்களின் நிலைமை வேறு. வண்டிகளை நிறுத்தத் தெருவோரத்தில் இடம் கொடுப்பது நகராட்சி. பல ஊர்களில் பொதுப் பணமும் இதில் செலவாகிறது. நடத்துகின்ற பொறுப்பு மட்டும் பெரும்பாலும் ஒரு தனியார் நிறுவனத்திடம் விடப்படுகிறது. மைசூரில் 2017 ஜூன் மாதம், சைக்கிள் மணியின் ஓசையையே பெயராகக் கொண்டு, ‘டிரின் டிரின்’ என்ற திட்டம் ஏறத்தாழ 450 வண்டிகளுடன் தொடங்கியது. அதே ஆண்டில் போபாலிலும் ஒரு திட்டம் தோன்றியது. இத்தகைய திட்டங்களில், எந்த வண்டி எந்த நிலையத்திலிருந்து எந்த நிமிடத்தில் புறப்பட்டது, எங்கே போய்ச் சேர்ந்தது என்பதெல்லாம் கணிப்பொறியில் தானாகவே பதிவாகிவிடுகிறது. பழைய கடைக்காரரின் நோட்டுப் புத்தகம்தான் இதுவும். ஆனால் இந்தப் புத்தகம் யாருடையது? நிறுவனத்தினுடையதா, நகரத்தாருடையதா?

சைக்கிள் எடுக்க வருகிறவருக்கு முதலில் வேண்டுவது அந்தந்த நேரத்து நிலவரம். பக்கத்து நிலையத்தில் வண்டி இருக்கிறதா? போய்ச் சேருமிடத்தில் அதை விடுவதற்குக் காலியிடம் இருக்கிறதா? இந்த இரண்டாவது கேள்வியைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. காலை நேரத்தில் வீடுகள் நிறைந்த பகுதியிலிருந்து காரியாலயங்கள் உள்ள பகுதிக்கே எல்லாரும் போகிறார்கள். அங்கே நிலையங்கள் நிரம்பிவிடுகின்றன. வண்டியை விட இடமின்றி மனிதர் தெருத்தெருவாய் அலைய நேர்கிறது. ஆதலால் வண்டிகளின் எண்ணிக்கையோடு காலியிடங்களின் எண்ணிக்கையும் வெளியிடப்பட வேண்டும்.

இதற்கென ஒரு பொது இலக்கணம் 2015-ஆம் ஆண்டு வட அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. ஜி. பி. எப். எஸ். என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். எடுத்துச் செல்லத் தக்க வண்டிகள் எத்தனை, பழுதுபட்டுக் கிடப்பவை எத்தனை, விடுவதற்கு இடம் எத்தனை, இந்தச் செய்தி கடைசியாக வந்த நேரம் எது என்பவற்றை யார் வேண்டுமானாலும் படிக்கத்தக்க ஒரே அமைப்பில் தரவேண்டும் என்பது அதன் சாரம். பழுதை வேறாக எண்ணச் சொன்னது அற்பமான காரியமன்று. பாரிஸ் நகரத்தில், ஓட்டிப் பார்த்து வண்டி பழுது என்று கண்டவர், அடுத்து வருபவருக்கு அடையாளமாக அதன் இருக்கையைப் பின்புறமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போவது வழக்கம். கணக்கிலே எட்டு வண்டிகள் இருக்கும். நேரில் போனால் எட்டும் பின்புறம் பார்த்துக்கொண்டு நிற்கும்! பழுதைச் சேர்த்து எண்ணுகிற கணக்கால் ஓட்டுகிறவருக்கு உபயோகம் இல்லை.

அதே பாரிஸில் திட்டம் 2018 ஜனவரி முதல் நாள் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஏறத்தாழ 1,400 நிலையங்கள் அமைப்பதாக ஏற்பாடு. அன்று இயங்கியவையோ நூற்றுக்கும் குறைவு. நகரத்தில் பெருங்கூச்சல் எழுந்தது. இப்படிப்பட்ட வேளையில் நிலவரம் எல்லாரும் பார்க்கும்படி இருந்தால், நிலையங்களை எண்ணுவதற்கு நிறுவனத்தின் அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம்; கணக்குத் தெரிந்த மாணவன் ஒருவன்கூட எண்ணிச் சொல்லிவிடுவான். ஒப்பந்தப்படி அபராதம் விதிக்க வேண்டிய அதிகாரிக்கும் அதுவே சாட்சியாகும்.

இனி, நடந்து முடிந்த பயணங்களின் கணக்கு. நியூயார்க்கில் 2013 மே மாதம் தொடங்கிய திட்டத்திற்கு ஒரு வங்கி விளம்பரத்திற்காக 4.1 கோடி டாலர் கொடுத்தது. நகரத்தின் வரிப்பணம் இல்லாமலே அது தொடங்கப்பட்டது. ஆயினும் தெரு நகரத்தாருடையது அல்லவா? பயணக் கணக்கு மாதந்தோறும் அங்கே வெளியிடப்படுகிறது. எந்தத் தெருவில் சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டும், எந்தப் பேட்டைக்கு நிலையமே எட்டவில்லை, மழைக்காலத்தில் ஓட்டம் எவ்வளவு குறைகிறது என்பதையெல்லாம் அதைக் கொண்டு யாரும் ஆராயலாம். நம் ஊர்களில் சைக்கிள் பாதை எங்கே போடுவது என்பதை ஊகத்தைக் கொண்டு தீர்மானிப்பதைவிட இது எத்தனையோ மேல்.

ஆனால் இங்கே ஓர் அபாயமும் உண்டு. அதை மறைத்துவிட்டுத் திறந்த கணக்கின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது. லண்டனில் வெளியிடப்பட்ட பயணக் கணக்கில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் உரிய எண்ணும் சேர்ந்து வந்துவிட்டது 2014-இல் தெரியவந்தது. பெயர் இல்லை, எண் மட்டுமே. எனினும் ஒரே எண் நாள்தோறும் காலை எட்டு மணிக்கு ஒரு நிலையத்தில் புறப்பட்டு, மாலை ஆறு மணிக்கு அங்கேயே திரும்பினால், அவர் வீடு எந்தப் பக்கம் என்று சொல்ல ஜோசியம் வேண்டுமா? ஒரு பெண் எந்த நேரத்தில் எந்தத் தெருவில் தனியே இறங்குகிறாள் என்பதை ஊருக்கெல்லாம் அறிவிக்க எவருக்கும் உரிமையில்லை. நியூயார்க்கிலும் முதலில் ஓட்டுகிறவரின் பிறந்த ஆண்டும் பாலினமும் கணக்கில் இருந்தன. 2021-இல் அவை நீக்கப்பட்டன. நிலையமின்றித் தெருவில் விடப்படும் வண்டிகளுக்கு, ஒவ்வொரு பயணம் முடிந்ததும் வெளியில் காட்டும் எண்ணை மாற்றிவிட வேண்டும் என்று மேற்சொன்ன இலக்கணத்திலும் பிற்பாடு விதி செய்தார்கள். வண்டியின் கணக்கு ஊருக்கு; மனிதரின் கணக்கு அவருக்கே என்று வரம்பு கட்டுவது கடினமன்று. தனிநபர் விவரங்களைக் காக்க நம் நாட்டிலும் 2023-இல் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது.

இதையெல்லாம் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தைக் கொண்டே கேட்டுப் பெறலாமே என்று நேயர்கள் எண்ணலாம். 2005-ஆம் ஆண்டின் அச்சட்டம், பொது அமைப்புகள் யாரும் கேளாமலே பல விவரங்களை வெளியிட வேண்டும் என்று சொல்வது உண்மையே. ஆனால் நகராட்சியின் கைவசமோ கட்டுப்பாட்டிலோ இருக்கும் விவரத்தைக் கேட்பது எளிது. தனியார் நிறுவனத்தின் கணிப்பொறியில் மட்டும் அடைந்து கிடப்பதைக் கேட்டால் அது வழக்காடும் விஷயமாகிவிடும். ஆகவே டெண்டர் கோரும்போதே, கணக்கு நகராட்சிக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். பிறகு கேட்டால் ‘வியாபார ரகசியம்’ என்ற பதில் வரும். எத்தனை பேர் எந்தத் தெருவில் சைக்கிள் விட்டார்கள் என்பதில் என்ன ரகசியமோ, எனக்கு விளங்கவில்லை.

நிறுவனம் போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் அப்போதே எழுதிக்கொள்வது நலம். சீன தேசத்து ஓபோ நிறுவனம் புனே முதலிய நகரங்களில் மஞ்சள் சைக்கிள்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. 2018-இலேயே நம் நாட்டை விட்டு அகன்றும் விட்டது. வண்டிகள் போனால் வேறு வாங்கலாம். அந்த மாதங்களில் மக்கள் எங்கிருந்து எங்கே போனார்கள் என்ற கணக்கைப் பிறகு எந்த விலைக்கும் வாங்க முடியாது. ஒப்பந்தம் முடியும் நாளில் முழுக் கணக்கையும் நகராட்சியிடம் ஒப்படைத்த பின்னரே வைப்புத் தொகை திருப்பித் தரப்படும் என்று ஒரு வாசகம் இருந்தால் போதும்.

கணக்கை வெளியிட நகராட்சியிடம் ஆளில்லை என்பார்கள். மத்திய அரசு பொது விவரங்களை வெளியிடுவதற்கென்றே 2012-இல் ஒரு கொள்கை வகுத்து, அதற்கு இணையதளமும் ஏற்படுத்தியிருக்கிறது. பெயரும் எண்ணும் நீக்கிய பயணக் கணக்கை மாதம் ஒருமுறை அதில் ஏற்றிவைக்க ஓர் எழுத்தருக்கு அரை நாள் வேலை. அதற்குப் புதிய இலாகாவோ புதிய கட்டடமோ தேவையில்லை.