வறண்ட ஆறும் வில்லெடுத்த தம்பியும்



கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே, உங்களில் பலர் காவிரிப் பாலத்தைக் கடந்து வந்திருப்பீர்கள். கோடையில் அங்கே மணல்தான் கண்ணில் படும். அக்கரையில், திருவரங்கத்துத் தாயார் சன்னதிக்கு எதிரே ஒரு மண்டபம். கம்பன் தன் இராமாயணத்தை அரங்கேற்றிய இடம் என்பார்கள். இரணியன் வதையைக் கேட்டு அங்குள்ள நரசிம்மர், மேட்டழகிய சிங்கர், தலையசைத்தார் என்பது ஊர்க்கதை. என் மனம் நிற்பது வேறு இடத்தில்.

நகர் நீங்கு படலம். அண்ணனுக்கு முடி இல்லை என்றதும் இலக்குவன் வில்லை எடுத்துவிடுகிறான். அவனைத் தணிக்க இராமன் காட்டுவது ஒரு வறண்ட ஆற்றை. தண்ணீர் வராததற்கு ஆறு என்ன செய்யும்? அப்படித்தான் தந்தையும், கைகேயியும், பரதனும். விதி செய்ததற்கு யாரைக் கோபிப்பது? தம்பி கேட்பதாயில்லை. அந்த விதியையும் என் வில் ஒரு கை பார்க்கும் என்கிறான்.

பள்ளியில் இதைப் பட்டிமன்றமாக்கினார்கள். நான் தம்பி அணியில் முழங்கி ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். அன்று எனக்குப் பிடிபடாத ஒன்று உண்டு. இராமன் விதி என்ற சொல்லைப் பிறர் செய்ததன்மேல்தான் வைக்கிறான், அவர்களை விடுவிக்க. தான் செய்ய வேண்டியதை அதனிடம் ஒப்படைக்கவில்லை. காட்டுக்குத் தன் காலால் நடக்கிறான். நம் கணக்கு தலைகீழ். நமக்கு அரியர் விழுந்தால் விதி. அடுத்தவன் தவறினால் திமிர்.

தம்பியின் கட்சிக்கும் இங்கே சாட்சி இருக்கிறது. காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்ணீர் பெரும்பாலும் அதில் இறங்கிவிட, காவிரி மணல்மேடிட்டது. தஞ்சை வயல்கள் தவித்தன. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், இரண்டும் பிரியும் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டினார். ஆண்டு 1836. அதுவும் சாசுவதமாக நிற்கவில்லை. 2018 ஆகஸ்டில், 182 ஆண்டுகள் கழித்து, ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. பாறைகளையும் மணல் மூட்டைகளையும் இறக்கி உடைப்பை அடைத்தார்கள். பிறகு பக்கத்திலேயே புதிய கதவணை எழுப்பினார்கள். அதற்காக யாரும் ஆற்றைத் திட்டியதாக நான் கேள்விப்படவில்லை.