மலைமேல் உட்கார்ந்து விளம்பரம் பிடிப்பது



வர்த்தக ஒலிபரப்பில் நேரத்தைப் பத்துப் பத்து வினாடியாகக் கூறுபோட்டு விற்பார்கள். நான் இப்போது பேசப்போகும் எட்டு நிமிடத்தை அப்படி விற்றால் 48 விளம்பரம் தேறும். கையில் பிடிக்க முடியாத சரக்கு. இன்று விற்காவிட்டால் நாளைக்கு அது இல்லை. செய்தித்தாளின் வெற்றிடத்தைச் சதுர சென்டிமீட்டர் கணக்கில் விற்பதும் இதே ரகம்தான். இந்தச் சரக்கை, ஏற்காடு மலையில் ஒரு வீட்டு அறையில் உட்கார்ந்துகொண்டு, சேலத்துக்கும் ஆத்தூருக்கும் நாமக்கல்லுக்கும் விற்க முடியுமா? அதையே வாழ்நாள் தொழிலாக வளர்த்துக்கொள்ள முடியுமா? முடியும் என்பது என் கட்சி. முழுக்க முழுக்க வீட்டிலிருந்தே என்றால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"விளம்பரம் பிடிக்க வந்திருக்கார்" என்று கல்லாவில் இருப்பவர் சலித்துக்கொள்வதை எல்லாரும் கேட்டிருப்போம். கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், சங்க மாநாட்டு மலர் என்று ஏறி இறங்கியவர்கள் சேர்த்துவைத்த சலிப்பு அது. முகத்துக்காகக் கடைக்காரர் பணம் கொடுப்பார். கால் பக்கத்தில் 'நல்வாழ்த்துகளுடன்' என்று அச்சாகும். அது நன்கொடை. அதை விளம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்தத் தொழிலைக் குறைவாக நினைக்கவும் முடியாது. திருத்துறைப்பூண்டியிலிருந்து சென்னைக்கு வந்த எஸ்.எஸ்.வாசன், பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துத் தருபவராகவும் தபாலில் சாமான் அனுப்பும் வியாபாரியாகவும்தான் தொடங்கினார். பூதூர் வைத்தியநாதையரிடமிருந்து ஆனந்த விகடனை அவர் வாங்கியது 1928-இல். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டெழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்தார் என்று சொல்வார்கள். பின்னால் ஜெமினி ஸ்டூடியோ, 1948-இல் சந்திரலேகா, அதற்கு அவர் நாடு முழுக்கச் செய்த விளம்பரம் எல்லாம் தெரிந்த கதை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தபால் வியாபாரம்தான். வாங்குகிறவர் எங்கோ ஓர் ஊரில் இருக்கிறார். பார்க்க முடியாது, பேச முடியாது. பத்திரிகையில் போட்ட நாலு வரி அவரை அசைத்ததா இல்லையா என்பது மணியார்டரில் தெரிந்துவிடும். விளம்பரம் பலன் தருகிறதா என்று தன் காசில் பார்த்தவருக்கு, அடுத்தவரிடம் விளம்பரம் கேட்கும்போது குரலில் ஒரு தெம்பு வரும். வீட்டிலிருந்து விற்பவருக்கு அந்தக் குரலை விட்டால் வேறு முதல் கிடையாது.

குரல் என்றதும் சாமர்த்தியப் பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். இந்தக் கலையில் பாதி, பஞ்சாங்கம் பார்ப்பது. ஏற்காட்டையே எடுத்துக்கொள்வோம். கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் மே மாதம். அப்போது விடுதி அறைகள் தாமாகவே நிரம்பும். ஆகவே மே மாதத்துக்கு விளம்பரம் கேட்டு விடுதிக்காரருக்கு ஃபோன் போடுகிறவர், ஏற்கெனவே விற்றுப்போன அறைக்கு விளம்பரம் கேட்கிறார். ஜூலையில், சாரல் அடிக்கும் வார நாட்களில், பூட்டிக் கிடக்கும் அறைகளைப் பற்றிப் பேசத் தெரிந்தவருக்குத்தான் அவர் காது கொடுப்பார். காபித் தோட்டக்காரருக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிப்பு; அப்போது அழைத்தால் ஆள் பற்றாக்குறையைப் பற்றித்தான் பேசுவார். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில், 1820களிலேயே இங்கே வேர்விட்ட காபி இது. குடகுக் காபி என்றால் தெரிகிறவர்களுக்குக்கூட, ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலைக் காபி என்றால் தெரிவதில்லை. வறுத்து, அரைத்து, பொட்டலம் போட்டு விற்கும் சிறு தோட்டக்காரர் ஒவ்வொருவரும் இன்னும் யாரும் சரியாகக் கேட்காத ஒரு விளம்பரதாரர் என்பேன்.

கீழே இறங்கினால் வேறு பஞ்சாங்கம். ஆடியில் கல்யாணம் இல்லை, கடையில் ஈ ஓட்டுவார்கள் என்பது பழைய கதை; அந்த மாதத்தையே தள்ளுபடி மாதமாக்கி நிரப்பியது விளம்பரம்தான். சேலத்தில் ஆடி என்றால் கோட்டை மாரியம்மன் பண்டிகையும் சேர்ந்துகொள்ளும். அப்படியானால் ஜவுளிக்கடைக்கு ஆனி பாதியிலேயே ஃபோன் போயிருக்க வேண்டும். பள்ளிக்கூடங்களுக்குச் சேர்க்கைக் காலம், நகைக்கடைக்கு அட்சய திருதியை, பாத்திரக் கடைக்குத் தை மாதத்து முகூர்த்தங்கள். இதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கடைவாரியாக எழுதி வைத்திருப்பவர், இனிக்க இனிக்கப் பேசுகிற பத்துப் பேரை முந்திவிடுவார்.

எப்போது பேசக்கூடாது என்பதும் இதில் சேர்த்தி. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அந்த வாரம் ஒரு விடுதிக்காரரிடம் அரைப் பக்கம் கேட்டிருந்தால், கேட்டவரின் அழைப்பு ஆயுளுக்கும் எடுக்கப்பட்டிருக்காது. "உங்க பக்கம் பாதை எப்படி இருக்குங்க, ஆளுங்க பத்திரமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்திருக்க வேண்டும். பாதை சீரானதும் "வழி திறந்துவிட்டது, வாருங்கள்" என்பதுதான் விளம்பரம். அதை அவரே கேட்பார்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. கண்ட எண்களை வரிசையாக அழுத்தி விற்பதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகள் கட்டுப்படுத்துகின்றன. விற்பனை அழைப்புகளுக்கு 140-இல் தொடங்கும் தனி எண்கள். வேண்டாம் என்பவர் 1909-இல் பதிவு செய்துகொள்ளலாம். சொந்தக் கைப்பேசியில் முன்பின் தெரியாதவர்களைத் துரத்துவது இனி தொழில் ஆகாது. நல்லதுதான். அறிமுகத்தின் பேரில் நடக்கிற தொழிலை அறிமுகத்தோடேயே நடத்தட்டும்.

இங்கேதான் நான் சொன்ன நிபந்தனை வருகிறது. முதல் ஆர்டரை ஃபோனில் வாங்குவது அபூர்வம். 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, கடையில் கால் மணி நேரம் நின்று, யார் வருகிறார்கள், எதைக் கேட்கிறார்கள், எதை வாங்காமல் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். முதலாளி யார், காசோலையில் கையெழுத்துப் போடுவது யார் என்பது இரண்டு கேள்வி. இரண்டாவதற்கு விடை நேரில்தான் கிடைக்கும். அப்படி ஒருமுறை பார்த்துவிட்டால், அடுத்த ஐந்து வருடத்துக்கு வீட்டிலிருந்தே அவரைத் தக்கவைத்துக்கொள்ளலாம். ரேட் கார்டு வாட்ஸ்அப்பில் போகும், டிசைன் போகும், ப்ரூஃப் போகும், ரிலீஸ் ஆர்டர் மின்னஞ்சலில் வரும்.

கூகுள் 2000-ஆம் ஆண்டில் விளம்பரத்தை ஆளில்லாமல் விற்கத் தொடங்கியபோது, இடைத்தரகர் காலம் முடிந்தது என்றார்கள். பெரிய கம்பெனிகளுக்கு அது ஓரளவு உண்மை. ஆத்தூர் மளிகைக்கடைக்காரருக்கு இன்னமும், பத்திரிகையா பண்பலையா ஃபேஸ்புக்கா என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது. "உங்களுக்கு இது வேண்டாங்க, காசு வீண்" என்றும் அந்த மனிதர் சொல்ல வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடிந்தவரைத்தான் நான் கலைஞர் என்பேன். சர்க்கரை நோயை அடியோடு குணமாக்குவதாகச் சொல்லும் விளம்பரத்தைக் கொண்டுவந்தாலும் அதே பதில்தான். அதற்கு 1954-லிருந்தே தடைச்சட்டம் இருக்கிறது.

வீட்டிலிருந்து விளம்பர வேலை என்றதும் நம்மூரில் வேறொன்றும் நினைவுக்கு வரும். கைப்பேசியில் விளம்பரம் பார்த்தாலே பணம் என்று ஆள் சேர்த்த ஒரு நிறுவனத்தின்மேல் வழக்குப் பதிவானபோது, 2024 ஜனவரியில் கோயம்புத்தூரில் அதற்கு ஆதரவாகவே ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். வித்தியாசம் எளிது. உண்மையான விளம்பர வேலையில் பணம் விளம்பரதாரரிடமிருந்து வருகிறது. அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிக்குப் பத்திரிகை தரும் வழக்கமான கமிஷன் 15 சதவிகிதம், அதில் ஒரு பங்குதான் பிடித்துக் கொடுத்தவருக்கு. பத்தாயிரம் ரூபாய் விளம்பரத்தில் ஏஜென்சிக்கே 1,500 என்றால், வீட்டில் இருப்பவருக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வேலையில் சேரவே பணம் கட்டச் சொன்னால், அங்கே விற்கப்படுகிற சரக்கு நீங்கள்தான்.

கடைசியாக வசூல். விளம்பரம் வந்த மறுநாள் எல்லாரும் நல்லவர்கள். இரண்டு மாதம் போனபின் "முதலாளி வெளியூர்" என்பார்கள். ஃபோனில் கடன் கேட்பது எளிது, தட்டிக்கழிப்பது அதைவிட எளிது. அதனால் மாதத்தில் ஒரு நாளை வசூலுக்கென்றே ஒதுக்கிவிட வேண்டும். விளம்பரம் வந்த பிரதியும் பில்லும் கையில் இருக்கட்டும். சனி ஞாயிறு வேண்டாம். மேலே வருகிற கார்களுக்கு எதிரே இறங்குவதற்குள் பொழுது போய்விடும். புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் கல்லா எதிரில் நின்றால், பழைய பாக்கியோடு அடுத்த மாதத்து ஆர்டரும் பெரும்பாலும் கிடைத்துவிடும்.