பேர் எடுத்த பிறகும் வாழ வேண்டும்

(ஓய்வுபெற்ற உறுப்பினர்களும் குடும்பத்தாரும் கூடிய கூட்டத்தில் கிளைக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



செக்ரோலில் இருந்து பேர் எடுத்த பிறகு நாம் எப்படி வாழ்கிறோம், எப்படி வாழ வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. அதற்கு யாழ்ப்பாணத்தில் நாங்கள் கண்ட ஒரு வாழ்க்கையை முதலில் சொல்கிறோம்.

யாழ்ப்பாணம் என்றால் நம்மில் சிலருக்குச் சிறுவயதில் வீட்டு வேலைக்குப் போன கசப்பு நினைவு வரும். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் 1948இல் நமது குடியுரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்து வாக்களித்த செல்வநாயகமும் தெல்லிப்பழையை ஊராகக் கொண்ட கிறிஸ்தவர்தான். நமது தோட்டப் பள்ளிகளில் படிப்பித்த ஆசிரியர்கள் பலரும் அங்கிருந்து வந்தவர்கள்.

அப்படி வந்து படிப்பித்த ஒரு டீச்சரைப் பார்க்க, கார்த்திகை மாதம் நாங்கள் நான்கு பேர் உடுவிலுக்குப் போனோம். எழுபது வயதைத் தாண்டியவர். "வாங்கோ பிள்ளையள்" என்று கூப்பிட்டு, மூன்று நாள் தங்க வைத்தார்.

அங்கே அது அடைமழைக் காலம். குடாநாட்டில் பெரிய ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழைதான் சுண்ணக்கல் நிலத்துக்குள் இறங்கி, வருடம் முழுவதும் கிணற்றில் தண்ணீராக நிற்கும். அதனால் விடிந்ததும் டீச்சர் கிணற்றை எட்டிப் பார்ப்பார். பிறகு வேதம் வாசிப்பு, தேநீர். "உங்கட தேயிலைதான்" என்று சிரிப்பார். வாடைக் காற்றுக்குக் கம்பளிச் சட்டை. முற்றத்துப் பனம்பாத்தியில் தை மாதத்துக்குக் கிழங்கு இறங்கிக் கொண்டிருந்தது. ஞாயிறு காலையில் குடையோடு கோயிலுக்கு நடந்தார். ஆராதனை முடிந்ததும் வராதவர் யார் என்று விசாரித்து, காய்ச்சலில் கிடந்த ஒருவருக்குக் கஞ்சி கொண்டு போனார். மாலையில் சேமக்காலையில் கணவரின் கல்லறைப் புல்லைப் பிடுங்கினார். நத்தார்ப் பாட்டுக்குப் பிள்ளைகளைப் பழக்கும் வேலையும் அவருடையதுதான்.

தோழர்களே, இதில் பெரிய வசதி ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று விசயம் இருக்கிறது. மாதம் தவறாத அரச ஓய்வூதியம். தன் பேரில் ஒரு துண்டுக் காணி. வரவில்லை என்றால் தேடி வரும் ஒரு கூட்டம்.

நமக்கு என்ன இருக்கிறது? மாத ஓய்வூதியம் இல்லை. லயத்துக் காம்பிராவுக்கு உறுதி இல்லை. பேர் எடுத்த மறுநாள் பிரட்டுக்குப் போக வேண்டியதில்லை என்பது மட்டும்தான் ஓய்வு. எத்தனையோ தாய்மார் மறுபடி கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார்கள்.

நமக்குச் சட்டப்படி வருவது ஒரே தடவைதான் வரும். அதையாவது முழுதாக வாங்க வேண்டும். சேமலாப நிதிக்கு நமது சம்பளத்தில் 8 வீதம், தோட்டம் 12 வீதம். நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் மட்டுமே 3 வீதம். அதை நம் சம்பளத்தில் வெட்ட முடியாது. சேவைக்காலப் பணத்துக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் வேலை செய்திருந்தால், நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய கணக்கில். நாள் சம்பளம் 1,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 வருடம் உழைத்த அக்காவுக்கு 490,000 ரூபா. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் மேலதிகமும் சேர்த்துக் கேட்கலாம். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்பது சட்டத்தில் இல்லை.

பணம் சிக்குவது பெரும்பாலும் பெயரில்தான். பிறப்புப் பத்திரத்தில் முத்தம்மா, செக்ரோலில் முத்தாயி, அடையாள அட்டையில் வேறொன்று. ஓய்வுக்கு முதல் வாரம் இதைத் திருத்த ஓடினால் மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும். ஐம்பது வயதுக்கு முன்பே மூன்றையும் ஒன்றாக்குங்கள். நிதிக் கணக்குக் கூற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எந்த மாதமாவது பணம் கட்டப்படாமல் விடுபட்டிருந்தால் உடனே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். பின்னுரித்தாளியாக யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள்.

காணி உறுதிக்கான போராட்டம் நமது சங்கத்தின் வேலை, அதை விடமாட்டோம். ஆனால் மூன்றாவது விசயத்துக்கு யாரிடமும் பெட்டிசம் போடத் தேவையில்லை. கோயிலோ, மாதா சொரூபமோ, மாரியம்மனோ, சங்கக் கூட்டமோ, எங்கே கூடினாலும் வராத வயதானவர் யார் என்று கேளுங்கள். அவர் காம்பிராவுக்கு ஒருவர் போய்ப் பார்த்து வாருங்கள்.

அடுத்த சந்தாக் கூட்டத்துக்கு வரும்போது அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், நிதிக் கணக்குக் கூற்று மூன்றையும் கொண்டு வாருங்கள். நாங்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம்.