வெண்டைக்காய்ப் புழு கற்பித்த பாடம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்கள் ராயபுரத்துப் பிள்ளைகளுக்குப் பனியன் துணி நன்றாகத் தெரியும். பருத்திச் செடியைப் பார்த்தவர்கள் குறைவு. ஆகவே, ஏழாம் வகுப்பில் பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை நடத்த, சொத்தை வெண்டைக்காய் கொண்டுவரச் சொன்னேன். பருத்திக் காயைத் துளைக்கும் புள்ளிக் காய்ப்புழுதான் வெண்டையையும் துளைக்கிறது.

நான்கு புழுக்கள் கிடைத்தன. தனித்தனி பாட்டிலில் விட்டு, எண் ஒட்டி, கட்டிங் வேஸ்ட் துணியால் வாயைக் கட்டினோம். தினமும் பிஞ்சு வெண்டை கொடுத்தோம். கவிழ்த்த படகு போலக் கூடு கட்டின. வெளிவந்த அந்துப்பூச்சிகளில் மூன்றுக்கு வெளிர் நிற முன்னிறக்கை, நடுவே பச்சைப் பட்டை. நான்காவதுக்கு முன்னிறக்கை முழுவதும் பச்சை.

"அது ஆண், மற்றவை பெண்" என்று சொல்லிவிட்டேன். அதிகம் பேசாத மாணவி ஒருத்தி எழுந்தாள். "இல்ல சார், நாலாம் நம்பர் புழுவா இருக்கும்போதே வேற மாதிரி இருந்துச்சு" என்று நோட்டைக் காட்டினாள். அந்தப் புழுவின் உடலில் மட்டும் விரல் போன்ற சதை நீட்சிகளை வரைந்திருந்தாள்.

அன்று மாலை வேளாண் நூல்களைப் புரட்டினேன். அவள் சொன்னதே சரி. பட்டை உள்ளது எரியாஸ் விட்டெல்லா. முழுப் பச்சை அதன் நெருங்கிய உறவான எரியாஸ் இன்சுலானா. விரல் நீட்சிகள் இன்சுலானா புழுவுக்கே உண்டு. இறக்கை நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. இன்சுலானா சில பருவங்களில் வைக்கோல் மஞ்சளாகவும் வரும். மறுநாள் வகுப்பில் என் தவற்றைச் சொல்லித் திருத்தினேன்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். இந்தியாவில் 2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. காய்ப்புழுக்களைக் கொல்லும் நஞ்சு அந்தச் செடியிலேயே உண்டு. ஆனால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு நாளடைவில் அதைத் தாங்கும் திறன் பெற்றுவிட்டது. எல்லாவற்றையும் 'காய்ப்புழு' என்று ஒரே பெயரில் அழைத்தால், எது சாகிறது, எது தப்புகிறது என்பது விவசாயிக்குத் தெரியாமலே போகும்.

எனவே ஒரு வேண்டுகோள். பூச்சி வளர்க்கும்போது எண் இடுங்கள். எந்தச் செடியில் கிடைத்தது என்று குறியுங்கள். தினமும் வரையச் சொல்லுங்கள். பெயரைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். கரும்பலகையில் எழுதும் முன் பிள்ளைகளின் நோட்டையும் ஒருமுறை பார்த்துவிடுவோம்.