கட்டுமரத்தின் பெயர் தாங்கிய பாய்ப்படகு

(மாணவர் தமிழ் மன்றம் ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கோடையில் என் மகளைக் காண அமெரிக்காவின் தென்கலிபோர்னியாவுக்குச் சென்றிருந்தேன். அங்கே சான் தியேகோ நகரின் மிசன் குடாவில், என் மருமகனின் சிறு பாய்ப்படகை நீரில் இறக்கும் வேலைக்கு ஒருநாள் நானும் கைகொடுத்தேன். அதைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன். தமிழாசிரியனுக்குப் படகுத்துறையில் என்ன வேலை என்று நீங்கள் முறுவலிப்பது தெரிகிறது. வேலை இருக்கிறது.

அப்படகுக்கு 'ஓபி 16' என்று பெயர். அலைச்சறுக்குப் பலகைகள் செய்து பெயர் பெற்ற ஓபி ஆல்ட்டர் என்பவர் 1960களின் இறுதியில் இவ்வகைப் படகுகளை உருவாக்கினார். கண்ணாடியிழையால் ஆன ஒடுங்கிய உடல்கள் இரண்டு. அவற்றை இணைக்கும் அலுமினியச் சட்டம். சட்டத்தில் இறுக்கிக் கட்டிய துணித்தளம். நீளம் 16 அடி 7 அங்குலம். எடை ஏறத்தாழ 145 கிலோ. பாய்மரமோ 26 அடிக்கும் மிகுதி. பாய்மரத்தைக் 'கூம்பு' என்பது கழக நூல் வழக்கு. நானும் அவ்வாறே சொல்வேன்.

இரட்டை உடல் கொண்ட படகை இன்று உலகம் 'கேட்டமரான்' என்கிறது. அது நம் கட்டுமரம் என்னும் சொல்லே. வில்லியம் தாம்பியர் என்னும் ஆங்கிலேயக் கடலோடி 1697இல் வெளியிட்ட தம் பயண நூலில், சோழமண்டலக் கரையின் மிதவையை இப்பெயரால் குறித்தார். இதைக் கேட்டதும் நம் நெஞ்சு நிமிர்கிறது, நிமிரட்டும். ஆயினும் ஒன்றை மறைத்தல் கூடாது. நம் கட்டுமரம் கட்டைகளை நெருக்கிப் பிணைத்த மிதவை. இரண்டு உடல்களை இடைவெளி விட்டு இணைக்கும் வடிவம் பசிபிக் தீவுகளின் பாலினேசிய மக்கள் கண்டது. பெயர் நம்முடையது, வடிவம் அவர்களுடையது. பிறர் உழைப்பை நம் கணக்கில் எழுதிக்கொள்வது தமிழுக்குச் சிறப்பாகாது.

இனி வேலைக்கு வருவோம். மகிழுந்தின் பின்னே உருண்டைத் தலையுள்ள இணைப்பு ஒன்று உண்டு. இழுவைவண்டியின் குவளை அதன்மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்கிறது. உருண்டையும் குவளையும் ஒரே அளவினவாக இருத்தல் வேண்டும். சிறிய உருண்டையில் பெரிய குவளை முதற் குலுக்கலிலேயே கழன்றுவிடலாம். மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அவ்விணைப்பின்மேல் அழுந்த வேண்டும். படகும் வண்டியும் 300 கிலோ என்றால், முன்னால் 30 கிலோ. எடை பின்னே மிகுந்தால், விரைந்து செல்லும்போது இழுவைவண்டி பாம்புபோல் நெளியத் தொடங்கும். கீழே சங்கிலிகள் இரண்டைக் குறுக்காக மாட்டுகின்றனர். பூட்டு கழன்றாலும் வண்டியின் முன்தண்டு சாலையில் குத்தாமல் அச்சங்கிலித் தொட்டிலில் விழும். படுக்கவைத்த கூம்பு படகினும் நீண்டதாகையால் நீட்டிய முனையில் சிவப்புத் துணி கட்டினோம். இழுவைவண்டியுடன் செல்வோர்க்குக் கலிபோர்னியாவில் விரைவு வரம்பு மணிக்கு 55 கல், அதாவது 88 கிலோமீட்டர்.

படகை எடுத்துச் செல்வதற்கு முன்னாள், தெருவிலேயே கூம்பை நிறுத்தி ஒத்திகை பார்ப்போம் என்றார் மருமகன். கூம்பின் அடியை முன்சட்டத்தில் உள்ள குழியில் பொருத்தி, பக்கவாட்டு எஃகுக் கம்பிகள் இரண்டையும் உடல்களில் மாட்டிவிட்டு, தளத்தில் நின்றபடி கூம்பைத் தோளில் தாங்கி முன்னோக்கி நடந்தார். நான் முன்னால் நின்று முன்கம்பியை இழுத்தேன். கூம்பு பாதி எழுந்தது. என் கண் அவர் முகத்தில் இருந்ததேயன்றி வானத்தில் இல்லை. எதிர்வீட்டு முதியவர் ஒருவர் கூவிக்கொண்டே ஓடிவந்து மேலே கைகாட்டினார். தெருவின் குறுக்கே மின்கம்பி!

கூம்பை மெல்லக் கீழே இறக்கினோம். என் கைகள் நெடுநேரம் நடுங்கின. கூம்பு அலுமினியம், தாங்கு கம்பிகள் எஃகு, என் கையிலும் எஃகு. இவ்வகை ஏதங்களில் உயிர்கள் போனமையால்தான் 1980களில் கூம்பின் மேற்பகுதியை மின்கடத்தா இழையால் செய்யத் தொடங்கினர். அப்போதும் கீழ்ப்பகுதி அலுமினியமே. கூம்பை எழுப்புமுன் மேலே நோக்க வேண்டும். எழுப்பிய இடத்திலிருந்து நீர் வரையுள்ள வழி முழுவதும் நோக்க வேண்டும். பிழை எங்களுடையது, அம்முதியவர்க்கு நான் உயிர்க்கடன் பட்டவன்.

மறுநாள் குடாவில், வானம் வெறுமையாய் இருப்பதைப் பார்த்த பின்னரே கூம்பை நிறுத்தினோம். முன்கம்பியை மாட்டி, ஒவ்வோர் ஆணிக்கும் காப்பு வளையம் உண்டா என்று விரலால் தொட்டு எண்ணினேன். ஒரு வளையம் கழன்றால் ஆணி நழுவும். ஆணி நழுவினால் கூம்பு சாயும். பின்புறத்தில் உடலுக்கு ஒன்றாக அடைப்பான்கள் உண்டு. அவற்றைத் திருகாமல் நீரில் இறக்கி, படகு மெல்ல மூழ்கக் கண்டு திகைத்தவர் பலராம்! சற்று நேரம் காத்திருந்து உருளைகளின் குடம் ஆறிய பின்னரே நீரருகே சென்றோம். சூடான குடம் குளிர்நீரில் இறங்கினால் உள்ளே நீரை உறிஞ்சிக்கொண்டு துருவேறும்.

இழுவைவண்டியைப் பின்னோக்கிச் செலுத்துவது தலைகீழ்ப் பாடம். திருப்புவளையத்தின் அடிப்பகுதியைப் பிடித்து, வண்டி எப்பக்கம் போக வேண்டுமோ அப்பக்கமே கையை நகர்த்தினால் குழப்பமில்லை. சுக்கான்களை மேலே தூக்கிக் கட்டி (சுக்கான் அரபுச் சொல்லே, மீனவர் நாவில் பழகிய அதை நான் விரட்டப் போவதில்லை) படகை மிதக்கவிட்டோம். அணியத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்திய பின்பே பாயை ஏற்றினோம். இல்லையேல் பாதி ஏறிய பாயே காற்றை வாங்கிப் படகைத் தள்ளிக்கொண்டு போய்விடும். பாயேற்றும் கயிற்றுக்கு நம் கடலோரத்தார் 'ஆஞ்சான்' என்பர். ஆஞ்சானை நான்தான் இழுத்தேன்.

துறையில் நின்ற சிறுவன் ஒருவன், இதை ஏன் கேட்டமரான் என்கிறார்கள் என்று கேட்டான். கட்டு என்றால் பிணைப்பது, மரம் என்றால் மரம் என்று விளக்கினேன். அவன் வாய்விட்டு இருமுறை சொல்லிப் பார்த்தான். றகரம் இன்றி ரகரம் திருத்தமாகவே வந்தது. அதற்குள் பாய் காற்றை வாங்கிவிட்டது; மருமகன் ஏறச் சொல்லிக் கூவினார்; வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன்.