தட்டைக் கணக்கு: வீட்டிலிருந்து தொழில் செய்பவர்களுக்கு விலையும் விளம்பரமும்

நமது சமூகக் கூடத்தில் ஞாயிறு மாலை நடந்த சந்திப்பில், வீட்டிலிருந்தே பலகாரத் தொழில் செய்யும் நம் குடியிருப்புவாசி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.



செயலாளர் என்னிடம், "ஆன்லைனில் எப்படி விற்பது என்று ஒரு கால் மணி நேரம் சொல்லுங்கள்" என்று கேட்டார். நான் விலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். விலை தப்பாக இருக்கும்போது விளம்பரம் நன்றாக வேலை செய்துவிட்டால், அதைவிட ஆபத்து வேறு இல்லை. நான் அதில் மாட்டியவள்.

நம் குடியிருப்பில் வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்களை நேற்று லிஃப்டில் வரும்போது மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். இட்லி மாவு, பொடி வகை, பிளவுஸ் தைப்பது, கணக்கு டியூஷன், வீணை வகுப்பு, கேக், சேலை... எங்கள் மாடியில் மட்டும் இரண்டு பேர். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் விற்பவர்கள், மற்றவர்கள் அவர்களிடம் வாங்குபவர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

நான் தட்டை போட ஆரம்பித்தபோது கிலோ 220 ரூபாய் என்று வைத்தேன். எப்படி அந்த விலைக்கு வந்தேன் தெரியுமா? ஆன்லைனில் ஒருவர் 240 என்று போட்டிருந்தார். அவரைவிட 20 ரூபாய் குறைத்தால் நமக்கு ஆர்டர் வரும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் விலை நிர்ணயம். அவர் மெஷினில் தட்டுகிறாரா, மொத்த விலைக்கு மாவு வாங்குகிறாரா, எதுவும் எனக்குத் தெரியாது. அரிசி மாவு, உளுத்தம் மாவு, கடலைப்பருப்பு, வெண்ணெய், எண்ணெய், காரம், பெருங்காயம் எல்லாம் சேர்த்து கிலோவுக்கு 140 ரூபாய் ஆகிறது, ஆக 80 ரூபாய் லாபம் என்று சந்தோஷமாக இருந்தேன்.

அந்த வருஷம் தீபாவளிக்கு நம் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு படம் போட்டேன். இரண்டு கிலோவுக்கு மேல் வாங்கினால் 10 சதவீதம் தள்ளுபடி என்றும் சேர்த்தேன். படம் எங்கெங்கோ போய், மூன்றே நாளில் 40 கிலோ ஆர்டர். நானும் என் மாமியாரும் நேரம் காலம் பார்க்காமல் தட்டினோம், பொரித்தோம். அவருக்கு முழங்கால் வலி. ஸ்டூல் போட்டு அடுப்பருகே உட்கார்ந்தே எடுத்துக் கொடுத்தார். பண்டிகையன்று எங்கள் வீட்டில் பலகாரம் கடையில் வாங்கியதுதான்.

எல்லாம் முடிந்து என் வீட்டுக்காரர், "எவ்வளவு நின்றது?" என்று கேட்டார். அப்போதுதான் பில்களை எடுத்து வைத்து எழுதினேன். சாமான் 140. கேஸ் 12. பொரித்து முடித்துக் கொட்ட வேண்டியிருந்த எண்ணெய் 10. கவரும் லேபிளும் 14. உடைந்து விற்க முடியாமல் போனது 15. கொண்டு போய்க் கொடுத்த செலவு 15. ஆக ஒரு கிலோவுக்கு 206 ரூபாய். தள்ளுபடியில்லாமல் விற்ற 15 கிலோவில் கிலோவுக்கு 14 ரூபாய் நின்றது. தள்ளுபடியில் போன 25 கிலோவும் 198 ரூபாய்க்குப் போயிருக்கிறது, அதாவது கிலோவுக்கு 8 ரூபாய் நஷ்டம். மொத்த வரவு 8,250. மொத்தச் செலவு 8,240.

பத்து ரூபாய். இரண்டு பேருமாக 36 மணி நேரம் வேலை பார்த்ததற்கு.

மாமியார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 80 கிலோ ஆர்டர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதில் தள்ளுபடிக்காரர்கள் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தால் கைக்காசு போயிருக்கும். "ஆர்டர் குவிகிறது" என்று நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த நாட்கள் அவை.

அந்த 206-இல் எங்கள் உழைப்பு இல்லை என்பதைக் கவனித்தீர்களா? வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் பலரும் விடும் இடம் இதுதான். "நான்தானே செய்கிறேன், அதற்கு என்ன செலவு?" என்கிறோம். ஒரு ஆளை வைத்தால் மணிக்கு 80 ரூபாயாவது கேட்பார். பத்து கிலோவுக்கு ஒன்பது மணி நேரம் ஆகிறது. ஆக கிலோவுக்கு 72 ரூபாய் கூலி. அதைச் சேர்த்தால் 278. உங்களுக்கு உடம்பு சரியில்லாத வாரம் ஒருவரை உட்கார வைத்து வேலை வாங்கினாலும் தொழில் நடக்க வேண்டும் என்றால், இந்த எண்ணைத்தான் அடக்க விலை என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் வைப்பதுதான் லாபம். எண்ணெய் விலை திடீரென்று ஏறும், மிக்ஸி புகையும், ஒரு ஈடு கருகும். அதற்கெல்லாம் அங்கிருந்துதான் பணம் வர வேண்டும். நான் 340 என்று வைத்தேன். கிலோவுக்கு 62 ரூபாய் லாபம்.

பிளவுஸ் தைப்பவர்களும் இதையே மணிக்கணக்கில் போடுங்கள். வெட்டுவது, தைப்பது மட்டுமில்லை. ஹூக் வைப்பது, ஹெம்மிங், "கை கொஞ்சம் பிடிக்கிறது" என்று திரும்பி வந்ததைப் பிரித்துத் தைப்பது எல்லாம் நேரம்தான். டியூஷன் எடுப்பவர்கள் விடைத்தாள் திருத்தும் நேரத்தை எழுதுவதே இல்லை.

இப்போது தள்ளுபடி. 340 ரூபாயில் 10 சதவீதம் என்றால் 34 ரூபாய். கேட்பவருக்கு அது சின்னத் தொகை. ஆனால் அந்த 34, சாமான் விலையிலிருந்து குறையாது, கேஸிலிருந்து குறையாது. என் 62 ரூபாயிலிருந்து முழுதாகப் போகிறது. மிச்சம் 28. நூறு கிலோ விற்று எடுக்க வேண்டிய லாபத்தை எடுக்க, 221 கிலோ விற்க வேண்டும். யார் தட்டுவது? அதனால் நான் இப்போது தள்ளுபடி தருவதில்லை. பதிலாக, அரை கிலோ வாங்குபவருக்குக் கறிவேப்பிலைப் பொடி சின்னப் பொட்டலம் ஒன்று வைக்கிறேன். எனக்கு ஆகும் செலவு குறைவு, அடுத்த தடவை பொடிக்கும் ஆர்டர் வருகிறது.

உணவு டெலிவரி ஆப்பில் சேரலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். சேருமுன் ஒரே ஒரு கணக்கு போடுங்கள். கமிஷன் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அது விற்பனை விலையில் 25 சதவீதம். 340-இல் 85 ரூபாய். என் லாபம் 62. உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

விலையை ஏற்றியபோது என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதிர் பிளாக்கில் ஒரு அம்மா, "என்னம்மா, எங்ககிட்டயேவா?" என்று கேட்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை நான். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு, ஒரே நாளில் 220-ஐ 340 ஆக்கினால் யாருக்கும் கோபம் வரும். ஒரு மாதம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், ஏற்கெனவே சொல்லி வைத்தவர்களுக்குப் பழைய விலையில் கொடுத்திருக்க வேண்டும். பிறகு கால் கிலோ 85 ரூபாய் என்று சின்னப் பாக்கெட் போட்டேன். அந்த அம்மா இப்போது மாதம் இரண்டு பாக்கெட் வாங்குகிறார்.

அடுத்த தீபாவளிக்கு 22 கிலோதான் ஆர்டர் வந்தது. கிட்டத்தட்ட பாதி. சாமான் விலை கொஞ்சம் ஏறியிருந்தது, கணக்குக்காக அதே விலை என்று வைத்துக்கொள்கிறேன். கூலியும் லாபமும் சேர்ந்து கையில் 2,948 ரூபாய். பண்டிகைக்கு முந்தின நாள் மாமியார் மத்தியானம் தூங்கினார்.

சரி, ஆன்லைனுக்கு வருகிறேன்.

வாட்ஸ்ஆப் பிசினஸ் என்று தனி ஆப் இருக்கிறது, இலவசம். அதில் கேட்லாக் என்று ஒரு பகுதி. ஒவ்வொரு பொருளுக்கும் படம், எடை, விலை போட்டு வைக்கலாம். விலையைப் போடுங்கள். "விலைக்கு இன்பாக்ஸில் வரவும்" என்று எழுதினால் பாதிப் பேர் வரமாட்டார்கள். வந்த பாதிப் பேருக்கு ஒரே பதிலை நாள் முழுக்கத் தட்டச்சு செய்வீர்கள். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். அதனால் முதல் ஆர்டர் கொடுக்கும்போதே, "என் நம்பரைச் சேவ் பண்ணிக்கொள்ளுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். நம் குடியிருப்புக் குழுவில் தினமும் படம் போடாதீர்கள். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று பார்க்க வருகிறவர்கள் எரிச்சலில் உங்களை மியூட் செய்துவிடுவார்கள். ஸ்டேட்டஸ் அதற்குத்தான் இருக்கிறது, பார்க்க விரும்புகிறவர் பார்ப்பார்.

கூகுளில் பிசினஸ் பக்கம் தொடங்குவதும் இலவசம். வீட்டு முகவரியை எல்லோரும் பார்ப்பார்களே என்று பயந்து நான் ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன். முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிகளுக்குக் கொடுப்போம் என்பதை மட்டும் காட்டும் வசதி அதில் இருக்கிறது. நான் வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம் என்று போட்டிருக்கிறேன். வாங்கியவர்களிடம் விமர்சனம் எழுதச் சொல்லலாம். விமர்சனம் எழுதினால் இலவசப் பொருள் என்று மட்டும் சொல்லாதீர்கள், கூகுள் விதிப்படி அது கூடாது.

காசு கொடுத்து இன்ஸ்டாகிராமில் விளம்பரமும் செய்து பார்த்தேன். 1,500 ரூபாய். விசாரிப்புகள் கோயம்புத்தூரிலிருந்தும் டெல்லியிலிருந்தும் வந்தன. கூரியரில் அனுப்பிய முதல் தட்டை, தூளாகப் போய்ச் சேர்ந்தது. ஊர் எல்லையைக் குறிக்காமல் விளம்பரம் கொடுத்த என் தப்பு. பொடி விற்பவர்களுக்குத் தூரம் பரவாயில்லை. தட்டை, கேக் விற்பவர்கள் சில கிலோமீட்டருக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். படம் எடுக்க ஸ்டுடியோ வேண்டாம். காலையில் பால்கனி வெளிச்சத்தில், சாதாரண எவர்சில்வர் தட்டில் வைத்து எடுங்கள். ட்யூப்லைட்டில் எடுத்தால் நல்ல முறுக்கும் நேற்றைய முறுக்கு மாதிரித் தெரியும்.

உணவு விற்பவர்கள் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். நான் எடுத்தபோது சிறு தொழிலுக்கான பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டினேன், ஆன்லைனிலேயே முடிந்தது. அந்த 14 இலக்க எண்ணை லேபிளில் போட்ட பிறகு, முன்பின் தெரியாதவர்கள் தயங்காமல் ஆர்டர் கொடுத்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒருநாள் ஒருவர் போன் செய்து, விலையே கேட்காமல் 15 கிலோ வேண்டும் என்றார். முன்பணம் அனுப்புகிறேன் என்று ஒரு கியூஆர் கோடு அனுப்பி, "ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள், பணம் உங்கள் கணக்கில் ஏறும்" என்றார். என் மகள் போனைக் கையிலிருந்து பிடுங்கினாள். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் எப்போதும் தேவையில்லை. பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் காட்டினாலும், உங்கள் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு மட்டும் பொட்டலத்தைக் கொடுங்கள்.

வாங்குகிறவர்களிடம் இரண்டு வேண்டுகோள். "அப்புறம் தருகிறேன்" என்று லிஃப்டில் ஏறிப் போய்விடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் 170 ரூபாயை இரண்டாம் முறை கேட்க எங்களுக்கு வாய் வராது. ஆர்டரை ரத்து செய்வதென்றால் மாவு பிசைவதற்கு முன்னால் சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு நூலக அறையில் இருப்பேன். விற்பவர்கள் உங்கள் பில்களையும் ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து கணக்கு போடலாம். இப்போது டீ வருகிறது. பக்கத்தில் இருக்கும் தட்டை என் வீட்டில் செய்ததுதான், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் விளம்பரச் செலவு என்று எழுதிவிட்டுத்தான் கொண்டு வந்தேன்.